வியாதிக்காரரை அண்டிச் செல்லும் உடுப்பு



பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷம் உங்களில் பெரியவர்களுக்கு மனப்பாடமாயிருக்கும். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஆண்டவரோ பூட்டிய கதவைக் கடந்து அவர்கள் நடுவில் வந்து நிற்கிறார். அன்று அங்கே இல்லாத தோமையார், காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடியும் வந்து, இதோ தொட்டுப் பார் என்று தமது காயங்களை அவருக்குக் காட்டுகிறார். அபிராமபுரத்திலிருந்து சாந்தோம் கோவில் எவ்வளவு தூரம்? கால் திடமாயிருந்தால் நடந்தே போய்விடலாம். சின்னமலையும் பரங்கிமலையும் அதே அப்போஸ்தலர் பெயரால் நிற்கின்றன. காயத்தைக் கண்டு ஒதுங்காத ஆண்டவரைக் கண்ணாரக் கண்டவருடைய ஊரில் நாம் குடியிருக்கிறோம்.

2020-ம் ஆண்டில் அந்த ஞாயிறு ஏப்ரல் மாதம் 19-ந் தேதி வந்தது. அன்று கோவில்கள் பூட்டிக் கிடந்தன. பூசையைக் கைப்பேசியில் பார்த்தோம். தெருவில் நடமாட்டமில்லை. அதே நாளில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் என்பவர் கொரோனா வியாதியால் இறந்துபோனார். மூளை, நரம்பு அறுவை வைத்தியத்தில் பேர் பெற்றவர், கிறீஸ்தவர். வயது ஐம்பத்தைந்து. அவருடைய பிரேதத்தை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் பக்கம் கொண்டு போனபோது ஜனங்கள் கூடித் தடுத்தார்கள். அங்கிருந்து அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்சின் கண்ணாடி நொறுங்கியது, வண்டியில் வந்தவர்களுக்கு மண்டை உடைந்தது. மனைவியும் மகனும் கடைசி மண் போடக்கூட நிற்க முடியாமல் அவ்விடம் விட்டு ஓட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரோடு வேலை செய்த மருத்துவர் பிரதீப் குமார் பின்வாங்கவில்லை. கவச உடுப்பை மாட்டிக்கொண்டு, ஆம்புலன்சைத் தாமே ஓட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஊழியர் இரண்டொருவரோடும் போலீசார் துணையோடும் மயானத்துக்குத் திரும்பினார். நள்ளிரவு கடந்த வேளையில் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். பிரேதத்தை அடக்கம் செய்வது பிறர்சிநேகக் கிரியைகளில் ஒன்றென்று நாம் ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். அந்த இரவில் அந்தக் கிரியையை நிறைவேற்றியது தலைமுதல் கால்வரை மூடிய ஒரு வெள்ளை உடுப்பு. கூட்டமாய் நின்று கல்லெறிந்தவர்களிடத்தில் அப்படிப்பட்ட உடுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த உடுப்பைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். கொள்ளைநோய் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்பீர்கள். போன பிறகுதானே நிதானமாக யோசிக்க முடியும்?

பி.பி.இ. கிட் என்று நாம் எல்லாரும் சொல்லப் பழகிவிட்டோம். பார்வைக்கு அது மழைக்கோட்டைப் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் தையலில் இருக்கிறது சங்கதி. ஊசி குத்துகிற ஒவ்வொரு இடமும் ஒரு துவாரம். அந்தத் துவாரத்தின் வழியாக நோயாளியின் இரத்தமோ எச்சிலோ உள்ளே கசியலாம். ஆகையால் தையலின்மேல் ஒரு நாடாவை வைத்துச் சூடான காற்றால் ஒட்ட வேண்டும். துணி இரத்தத்தைத் தடுக்கிறதா என்று செயற்கை இரத்தத்தை ஊற்றி அழுத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சையை 2020-ல் முதன்முதல் நம் தேசத்துக்குச் செய்து கொடுத்தது கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சிட்ரா என்று சொல்வார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் இப்படிப்பட்ட உடுப்பு இந்தியாவில் ஏறக்குறைய தயாராகவே இல்லை. சில ஊர்களில் வைத்தியர்கள் மழைக்கோட்டை அணிந்து வார்டுக்குள் போனார்கள். மே மாதத்துக்குள் ஒரு நாளைக்கு நான்கு லட்சத்துக்கு மேல் தைக்கப்பட்டன. பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர்க் கைகளும் அதில் சேர்ந்திருந்தன. ஆடையில்லாதவனை உடுத்துவது தரும காரியம் என்று படித்தோமே. அந்தத் தையல் மிஷின்களில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் செய்வது அதுதான் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

நானும் ஒரு தடவை அந்த உடுப்பை அணிந்தேன். ஒரு முதியவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும்படி அழைத்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே அவசியமில்லை. ஒரு நர்சுப் பெண் என்னை நிற்கவைத்து, குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் ஒவ்வொன்றாய் மாட்டிவிட்டார். முதலில் கை கழுவுதல், பிறகு கையுறை, அங்கி, கால் உறை, முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க், கண்ணாடி, தலைமூடி, முகத்துக்கு முன் ஒரு தகடு, கடைசியாக முதல் கையுறையின்மேல் இன்னொரு கையுறை. எனக்குச் சக்கிரீஸ்தின் ஞாபகம் வந்தது. பழைய வழக்கப்படி குருவானவர் பூசைக்கு ஆயத்தமாகும்போது ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரு செபம் உண்டு. தலையில் வைத்து இறக்கும் அந்த வெள்ளைத் துணியை இரட்சணியத்தின் தலைச்சீரா என்றே அந்தச் செபம் அழைக்கும். இங்கேயும் வரிசை தவறக்கூடாது, அவசரப்படக்கூடாது.

ஐந்து நிமிஷத்துக்குள் வேர்வை முதுகில் வழிந்தது. கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. கோடைக்காலத்தில் நம் சென்னையில் விசிறியில்லாமல் உட்காரவே நம்மால் முடிவதில்லை. அவர்களோ ஆறு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், தண்ணீர் குடிக்காமல், மூத்திரம் போகாமல் அந்த உடுப்புக்குள் வேலை செய்தார்கள். மாதவிலக்கு நாட்களிலும் அப்படியே. கழற்றினால் அந்த உடுப்பு வீண். இன்னொன்று கிடைக்குமோ கிடைக்காதோ. இதனால் சிலர் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைக் கட்டிக்கொண்டார்கள். வெட்கப்பட்டு எழுதாமல் விடக்கூடிய காரியமல்ல இது. ஒறுத்தல் என்று தபசு காலத்தில் நாம் பேசுகிறோம்; வெள்ளிக்கிழமை மாம்சம் தின்னாததைப் பெரிதாக எண்ணுகிறோம்.

உள்ளே போவதற்கு முன் அந்தப் பெண் மார்க்கர் பேனாவை எடுத்து என் மார்பின்மேல் பெரிய எழுத்தில் ‘ஃபாதர்’ என்று எழுதினார். தம்முடைய மார்பிலும் தம் பெயரை எழுதியிருந்தார். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையாய் நிற்கும்போது நோயாளிக்கு வந்தது வைத்தியரா, கூட்டுகிறவரா, மகனா என்று தெரியாதல்லவா? அந்தப் பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியாது. எழுத்தைத்தான் கூட்டிக்கூட்டி வாசித்தார். பிறகு கையை நீட்டினார். பஞ்சில் எண்ணெயைத் தொட்டு, இரண்டு கையுறைக்கு வெளியே அவருடைய நெற்றியிலும் கைகளிலும் பூசினேன். அந்தப் பெண்தான் அவருக்குத் தினமும் வாயில் கஞ்சி ஊட்டுகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் கிறீஸ்தவரா அல்லவா என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து கழற்றுவதுதான் அணிவதைவிட ஆபத்து. உடுப்பின் முன்பக்கத்தில் நோய் இருக்கிறதாக எண்ணிக்கொண்டு, அதைத் தொடாமல், உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் கை சுத்தம். மாஸ்க் கடைசி. ஒருவர் எதிரே நின்று, “மெதுவா, சாமி, அங்கே தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். களைத்துப்போய், தாகத்தோடு, எப்போது கழற்றி எறிவோம் என்றிருக்கிற அந்த நேரத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது. பலருக்கு வியாதி ஒட்டிக்கொள்வது அந்த வேளையில்தான்.

நம் பங்கிலேயே ஒரு நல்ல மனிதர், தினம் பூசை காண்கிறவர், என்னிடம் கேட்டார்: “சாமி, விசுவாசம் உள்ளவனுக்கு இந்த மூட்டை எதற்கு? அர்ச். ஞானப்பிரகாசியார் கொள்ளைநோய்க்காரரைத் தோளில் சுமந்தாரே, அவர் எதை மாட்டிக்கொண்டார்?” கேள்வி நியாயமானதுதான். ஞானப்பிரகாசியார் 1591-ம் ஆண்டு உரோமாபுரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த வியாதியே தம்மைப் பற்றிக்கொள்ள, இருபத்து மூன்றாம் வயதில் மரித்தார். அவர் காலத்தில் அப்படிப்பட்ட உடுப்பு கிடையாது. தம்மிடத்தில் இருந்ததை, தம் சரீரத்தை, கொடுத்தார். இருக்கிற உடுப்பை உதறிவிட்டுப் போனவரல்ல அவர்.

பசாசு நம் ஆண்டவரைத் தேவாலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதியும், சம்மனசுகள் ஏந்திக்கொள்வார்கள் என்று சொன்னதல்லவா? சர்வேசுரனை நம்பாததினாலா அவர் குதிக்காமல் நின்றார்? பிதாவைச் சோதிக்கிறது பாவமென்று அந்தப் பசாசுக்கே பாடம் சொன்னார். ஏணி இருக்கும்போது இறங்கி வர வேண்டும். ஐந்தாம் கற்பனை, பிறன் உயிரைப் போலவே நம் உயிரையும் காக்கச் சொல்லுகிறது.

வீம்பு விசுவாசமாகாது என்பதற்கு ஒரு சரித்திரம். 1910-ம் ஆண்டு முடிவில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் கண்டது. ஏறக்குறைய அறுபதினாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட வைத்தியர் வூ லியென்-தே. பினாங்கில் பிறந்தவர். நம் தமிழ் ஜனங்கள் தோட்ட வேலைக்கும் கடை வியாபாரத்துக்கும் போன அந்தப் பினாங்குதான். நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று அவர் கண்டுகொண்டு, மெல்லிய துணிக்கிடையில் பஞ்சை வைத்து மூக்கையும் வாயையும் கட்டும்படி எல்லாருக்கும் சொன்னார். அவரிலும் மூத்தவரான மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்தச் சின்னப் பையன் எனக்குச் சொல்வதாவது என்று சீறி, முகத்தில் ஒன்றும் கட்டாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களுக்குள் 1911 ஜனவரியில் அந்த நோயாலேயே இறந்துபோனார். தைரியசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பிழைத்திருந்தால் இன்னும் எத்தனை பேரைப் பிழைப்பித்திருப்பாரோ!

தாவீது கவசமில்லாமல்தானே கோலியாத்தை ஜெயித்தான் என்று வேதம் படித்த வாலிபர் யாராவது கேட்கக்கூடும். அந்த இடத்தை மறுபடி வாசியுங்கள். சவுல் இராசா கொடுத்த கவசத்தை அவன் போட்டுப் பார்த்தான், நடக்க முடியவில்லை, கழற்றி வைத்தான். அது அவன் அளவுக்குச் செய்ததல்ல! நம் நர்சுப் பெண்களுக்குப் பல இடங்களில் வந்து சேர்ந்ததும் சவுலின் கவசந்தான்: ஆறடி ஆளுக்கு வெட்டிய உடுப்பு. கையை மடித்து நாடா ஒட்டிக்கொண்டு, கால் தடுக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். உடுப்பு வாங்கிக் கொடுக்கிற அதிகாரிகளும் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும், அதில் கத்தோலிக்கர் இருந்தால் அவர்கள் முதலில், இதைக் கேட்க வேண்டும். எண்ணிக்கை சரியாயிருந்தால் போதாது. போடுகிறவருக்குப் பொருந்த வேண்டும்.

உடுப்பு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று நமக்குப் பக்கத்து மலையாள தேசம் கண்டது. 2018-ம் ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கத்தில் நிபா என்ற வியாதி புறப்பட்டது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் லினி என்ற நர்சு, முதன்முதல் வந்த நோயாளியை இரவெல்லாம் கவனித்தார். அது என்ன வியாதி என்று அப்போது யாருக்கும் தெரியாது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கவச உடுப்பு யார் கொடுப்பார்கள்? மே 21-ந் தேதி அவர் இறந்தார். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கணவனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நோய் பரவிவிடுமென்று சரீரத்தை வீட்டுக்குக்கூடக் கொண்டு போகாமல் எரித்தார்கள். அந்த முறை பதினேழு பேரோடு நோய் அடங்கியதென்றால், பெயர் தெரிந்த மறுகணமே நோயாளியை அணுகுகிறவர் எல்லாருக்கும் உடுப்பும் மாஸ்க்கும் கொடுத்து, அவர்களோடு பழகினவர்களை ஒவ்வொருவராய்த் தேடிப் பிடித்ததும் ஒரு காரணம். ஒரு நர்சுக்கு மாட்டும் உடுப்பு அவருக்கு மட்டுமல்ல. அடுத்த கட்டிலில் கிடக்கிறவருக்கும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கும் அதுவே கவசம்.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். கசப்பாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளை உடுப்பு நோயாளியை விட்டு விலகுவதற்காகத் தைத்ததல்ல. கிட்டே போவதற்காகத் தைத்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உடுப்பு இருக்கிறது. அதை 2020-ல் நம்மில் அநேகர் அணிந்துகொண்டோம். தையல் விடாத உடுப்பு, ஒரு சொட்டு இரக்கமும் உள்ளே கசியாது. ஒரு வீட்டில் நோய் கண்டதென்று மாநகராட்சியார் வாசலில் தகரம் அடித்தார்கள். அது அவர்கள் வேலை. தகரத்துக்கு இப்பால் நின்று, அந்தக் குடும்பத்துக்குப் பால் வாங்கிக் கொடுத்தவர் எத்தனை பேர், ஜன்னலைச் சாத்திக்கொண்டவர் எத்தனை பேர்? ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்ணைக் குடிவைத்திருந்தவர்கள், நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு என்று தேசமெங்கும் சொன்னார்கள். மாலையில் கைதட்டியதும் அவர்கள்தான், காலையில் சாவியைக் கேட்டதும் அவர்கள்தான்.

பயப்படுவது பாவமல்ல. சீஷர்களும் பயந்துதான் கதவைப் பூட்டினார்கள். ஆனால் மயானத்தில் கல்லெறிந்தவர்களுடைய பயம் பொய்யான பயம். கசியாத பையில் பிரேதத்தைச் சுற்றி, கவச உடுப்பு அணிந்தவர்கள் முறைப்படி அடக்கம் செய்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தில்லை என்று சர்க்கார் அதற்கு ஒரு மாதம் முன்பே, 2020 மார்ச்சிலேயே, வழிகாட்டியிருந்தது. சரீரத்தைத் தொடாமல் செய்யும் செபங்களுக்கும் தடையில்லை என்றிருந்தது. யாரும் அதைத் தெருவில் நின்று உரக்கச் சொல்லவில்லை. நாம் சொன்னோமா? அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம்வரை சிறை என்று தமிழ்நாடு சர்க்கார் ஏப்ரல் 26-ந் தேதி அவசரச் சட்டம் கொண்டு வந்த பிறகுதான் மயான வாசல் திறந்தது. கிறீஸ்தவர் திரளாய் வாழ்கிற ஊரில், மரித்தவனை மண்ணில் வைக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவருடைய மனைவி, கணவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலேயே வைக்க வேண்டுமென்று நீதிமன்றம்வரை போக வேண்டியதாயிற்று.

திருச்சபை என்ன செய்தது? 2020 மார்ச் மாதத்திலேயே உரோமாபுரி, நோயாளிகளுக்கும், அவர்களைத் தங்கள் உயிருக்கு ஆபத்தென்று அறிந்தும் கவனிக்கிற வைத்தியர், தாதியர், வீட்டார் எல்லாருக்கும் பரிபூரணப் பலன் அளித்தது. பீடத்தின் முன் முழந்தாளிடுகிறவனுக்குக் கொடுக்கிறதை, கட்டிலண்டை நிற்கிறவனுக்கும் கொடுத்தது. அர்ச். கமில்லுஸ் தம்முடைய சபையார் அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை தைத்துக்கொள்ள 1586-ல் பாப்பானவர் உத்தரவு கொடுத்தார். சாகக் கிடக்கிறவன் கண் திறந்தால் முதலில் அந்தச் சிலுவைதான் தெரியும். என் மார்பில் அந்தப் பெண் மார்க்கரால் எழுதியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கமில்லுஸ் ஞாபகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொரோனா நாட்களில் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு மயானத்தில் குழி தோண்டினவர்கள், வார்டைக் கழுவினவர்கள் யார்? நம் தெருக் குப்பையை அள்ளுகிறவர்களும் அவர்கள் உறவுமுறையாருந்தான். வருஷம் பல ஆகியும் அவர்களில் சிலர் இன்னமும் மண்டிக்கிடக்கிற கழிவுநீர்த் தொட்டிக்குள் வெறும் உடம்போடு இறக்கப்படுகிறார்கள். மனிதரை அப்படி இறக்கக்கூடாதென்று 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், ஐந்நூறு ரூபாய் மிச்சமாகுமென்று ஆளைத் தேடாதீர்கள். மிஷின் வண்டியைக் கூப்பிடுங்கள்.

நம் பங்கில் நர்சு வேலை பார்க்கிற சகோதரிகள் பலர் உண்டு. லஸ்ஸிலுள்ள இசபெல் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளும் உங்களில் அநேகர். எந்தக் கை உங்களை முதலில் ஏந்தியது என்று உங்களுக்குத் தெரியாது. ராத்திரி வேலை முடிந்து ஞாயிறு காலை முதல் பூசைக்கு வந்து, பின்வரிசையில் தூங்கி விழுகிற பெண்ணைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம். நானும் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வேறு ஜில்லாவிலிருந்து இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்திருக்கும் இரண்டு நர்சுப் பெண்கள் ஒரு மாதமாய் வீடு தேடுகிறார்கள். என்ன வேலை என்று சொன்னதும், வேளை கெட்ட வேளையில் வருவாய், வியாதி கொண்டு வருவாய் என்று மூன்று வீட்டில் மறுத்துவிட்டார்களாம். மாடிப் போர்ஷன் காலியாய் வைத்திருக்கிற குடும்பத்தார் இன்று இரண்டாம் பூசை முடிந்ததும் சக்கிரீஸ்துக்கு வந்து என்னைப் பாருங்கள். வாடகை ஒழுங்காய்க் கொடுப்பார்கள்.